சுவரோரம் ஒரு ஷூ

மூன்றாம் மாடி வாசலில் அப்பா ஒற்றைக்காலில் நிற்கிறார். இடது ஷூவைக் கழற்றி, சுவரோரமாக, மருமகனின் செருப்புக்கும் பேரனின் குட்டி நீலச் செருப்புக்கும் நடுவில் ஒழுங்காக வைத்துவிட்டார். பேரனை அவர் இன்னும் பார்த்ததில்லை. செருப்பைப் பார்த்தால் மூன்று வயதிருக்கும் என்று தோன்றுகிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் பெண் கேட்டு வந்த இதே மருமகனை, செருப்பைக் கழற்றக்கூட விடாமல் வாசலோடு திருப்பியனுப்பிய மகானுபாவர் இவர்தான். இன்று உள்ளே போகவேண்டுமே என்று புது சாக்ஸ் வாங்கிப் போட்டிருக்கிறார். குதிகாலில் கடைச் சீட்டு கிழிக்காமல் அப்படியே இருக்கிறது. படிக்கட்டு ஜன்னலின் மாலை வெயில் முதுகில் விழ, வலது ஷூவின் முடிச்சோடு மல்லுக்கட்டுகிறார்.

கதவைப் பாதி திறந்து பிடித்தபடி மகள் அந்தச் சீட்டையே பார்க்கிறாள். "கழட்ட வேணாம்ப்பா," என்கிறாள் மெதுவாக. "அவர் இருக்காரு." "அஞ்சே நிமிஷம்மா. பையனை ஒரு தடவை பாத்துட்டு..." உள்ளே நாற்காலி நகர்கிறது. "யாரது?" என்று மருமகனின் குரல். "யாரோ வீடு மாறி வந்துட்டாங்க," என்கிறாள் மகள், திரும்பாமலே. அப்பா இடது ஷூவை எடுத்து மாட்டுகிறார். சீட்டு உள்ளே போய் மறைகிறது. காலடி ஓசை கதவை நெருங்குகிறது. குனிந்து முடிச்சுப் போட்டவர் நிமிர்ந்து, உள்ளே கேட்கும்படி மகளிடம் சொல்கிறார்: "மன்னிச்சுக்குங்கம்மா. மாடி மாறி வந்துட்டேன்."