இடக்கைப் பாதி

கணவனின் பாதியைக் கைப்பைக்குள் வைத்து, மேலே ஒரு சால்வையைப் போட்டு மூடி, விதுர்ஷா கல்லடிப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்திருந்தாள். கண்ணாடிக் கடை திறந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள் கூட வேலை செய்யும் ஹிதாயா அதைக் கண்டுவிட்டாள்.

“என்னகா இது, வயரோட கிடக்கு? பியானோவ உடைச்சுக் கொண்டு வந்தீங்களா?”

“கீபோட். அவர்ர.”

“மத்தப் பாதி?”

“வீட்ட கிடக்கு.”

நடுவில் பிளந்த விசைப்பலகை அது. இடக்கைக்கு ஒரு துண்டு, வலக்கைக்கு ஒரு துண்டு. இரண்டுக்கும் தனித்தனி வயர். அவள் கணவன் நிலோஜன் வீட்டில் இருந்தபடி ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தமிழில் தட்டச்சுச் செய்பவன். மணிக்கட்டு நரம்பு இறுகியபோது, பழைய விசைப்பலகையைத் தொடக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதன் பிறகு வாங்கியது.

வேலையும் அதில்தான், விளையாட்டும் அதில்தான். அந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு இடக்கைப் பாதி போதும். வலக்கையில் மவுஸ் இருக்கும். இடப்பாதியில் நான்கு விசைகள் எழுத்தே தெரியாமல் தேய்ந்திருந்தன.

“காலத்தால வேலைக்கு வெளிக்கிடக்குள்ள ஸ்கூட்டி ஸ்டார்ட் வரல்ல. மூண்டு தரம் கூப்பிட்டன். இந்த ரவுண்ட் முடியட்டும் எண்டார்.”

“மறுகா?”

“இப்பிடியெண்டா நாம பிரிஞ்சிரலாம் எண்டு சொல்லிட்டன்.”

ஹிதாயா கண்ணாடி துடைப்பதை நிறுத்தினாள். “அவர் என்ன சொன்ன?”

“எழும்பிக் குளிக்கப் போயிட்டார். நான் இதக் கழட்டி எடுத்திட்டு வந்திட்டன்.”

“ஒங்கட மாப்புள சுடுற ஆக்களுக்கெல்லாம் இண்டைக்கு லீவு. ஆனா பாவம்கா அவர். சோறாக்கி வச்சி, இண்டைக்கு இன்ன கறியெண்டு பதினொரு மணிக்கு மெசேஜும் போடுற மனிசன் எங்களுக்கெல்லாம் வாய்க்கல்ல.”

விதுர்ஷா சிரிக்கவில்லை. விளையாட்டை நிறுத்த வேண்டும் என்று மட்டுமே நினைத்திருந்தாள். வேலையும் நின்றுபோகும் என்பது பஸ் பாலத்தின் நடுவில் வந்தபோதுதான் உறைத்தது. இறங்கித் திரும்பியிருக்கலாம். இறங்கவில்லை.

பதினொரு மணி தாண்டிக் கைபேசி ஒலித்தது. அவன் கணினியிலிருந்து ஒரு வரி வந்திருந்தது.

‘சர பரயலம.’

ஹிதாயா எட்டிப் பார்த்தாள். “இதென்ன பாசை?”

தமிழ்தான். அவன் பழகிய முறையில் உயிரெழுத்துகளும் புள்ளியும் இடக்கையில் வரும். மற்ற எழுத்துகள், ஒன்றிரண்டைத் தவிர, வலக்கையில். கொம்பு, விசிறி, புள்ளி என்று எழுத்தோடு ஒட்டும் குறிகள் எல்லாம் அவளுடைய பைக்குள் கிடந்தன. மிஞ்சியதை வைத்து அவன் எழுதியிருக்கிறான்.

விடுபட்டவற்றை அவளே மனதில் இட்டுப் பார்த்தாள். முதற்சொல்லுக்கு நேரம் எடுக்கவில்லை. சரி. இரண்டாவது சொல்லை மூன்று தரம் வாசித்தாள். பிரியலாம்.

அவனுடைய கைபேசி திருத்தக் கொடுத்து மூன்று நாள். கணினிக்கு ‘வாறன்’ என்று அனுப்பினாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

“நீங்க போங்க. மொதலாளி கேட்டா நான் சொல்றன்,” என்றாள் ஹிதாயா. பையை எடுத்து அவளே தோளில் மாட்டிவிட்டாள்.

ஆட்டோவில் விதுர்ஷா பையை மடியில் வைத்திருந்தாள். பாலத்தின் மேல் காற்று அடித்தது. அந்தச் சொல்லை முதலில் சொன்னவள் அவள். நான்கு வருடத்தில் அவன் ஒரு தடவைகூட அதைச் சொன்னதில்லை. இன்று, நோகும் கையால், பாதி எழுத்துகளை வைத்து, அவள் கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறான். கோபத்தில் எழுதியிருந்தால் பரவாயில்லை என்று நினைத்தாள். அவன் கோபப்படுபவன் அல்ல. அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. மேசையில் வலக்கைப் பாதி தனியே இருந்தது. நிலோஜன் தோளில் துவாயோடு அடுப்படியிலிருந்து வந்தான்.

“என்ன, இவ்வளவு வெள்ளன வந்திட்ட?”

அவள் இடக்கைப் பாதியை எடுத்து இரண்டு கைகளாலும் நீட்டினாள். வயர் தரையில் இழுபட்டது.

“நான்தான் எடுத்த.”

“தெரியும். வேற ஆர் எடுக்கிற?”

“நீங்க விளையாடக் கூடாது எண்டு எடுத்த. வேலை கெட்டுப்போகும் எண்டு யோசிக்கல்ல. காலத்தால சொன்னதும் கோவத்தில சொன்னது. நான் மனசாரச் சொல்லல்ல. அதுக்குப் போய்ச் சரி எண்டுறீங்களே.”

“எதுக்குச் சரி?”

அவள் கைபேசியைக் காட்டினாள். அவன் அதை வாங்கினான். ஒரு தரம் வாசித்தான். அவளைப் பார்த்தான். மறுபடி வாசித்தான்.

“பிரியலாம் எண்டா வாசிச்ச?”

அவள் தலையை ஆட்டினாள்.

அவன் கதிரையை இழுத்து அவளை இருத்தினான். தானும் பக்கத்தில் இருந்தான்.

“பிழை என்னிலதான் விது. நீ மூண்டு தரம் கூப்பிட்டும் நான் எழும்பல்ல. அதுதான் இண்டைக்குப் பருப்போட விடாமக் கடற்கரைக்குப் போய் மீன் வாங்கிட்டு வந்தன்.”

கைபேசியை அவள் பக்கம் திருப்பி, எழுத்துகளின் கீழ் விரலை வைத்தான்.

“சூரை பொரியலும்.”