இசைத்தட்டில் ஒரு மயில்

பழைய இசைத்தட்டுகளை ரம்ப மெஷினில் அறுத்துப் பூவும் பறவையுமாக ஆக்கித் தருபவள் மரியபுஷ்பம். அன்று கோதண்டம் ஒரு தட்டை நீட்டினார். "இத மயிலா வெட்டிக் குடும்மா. ஹால்ல மாட்டணும்."

உறையில் இருந்த இளம்பெண்ணின் படத்தையும் அவருக்குப் பின்னால் நின்ற மனைவி தமயந்தியையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள். "நீங்க பாடினதாம்மா? இதே பாட்டு வேற தட்டுல இருக்கா?"

வேறு இல்லையென்று தமயந்தி தலையசைத்தாள்.

"கல்யாணத்துக்கு முன்னாடி பாடினது. இப்ப எதுக்கு? நீ வெட்டு," என்றார் கோதண்டம்.

"அம்மா சொல்லட்டும் சார்."

தமயந்தி தரையைப் பார்த்தபடி, "வெட்டுங்க," என்றாள்.

மெல்லிய ரம்பம் விளிம்பில் இறங்கியது. கறுப்புத் தூள் பறந்தது. மயிலின் கழுத்தை வளைத்து முடிப்பதற்குள் இரைச்சலுக்கு அடியில் ஏதோ கேட்டது. தமயந்தி பாடிக்கொண்டிருந்தாள். முதல் வரியில் குரல் பிசிறியது. இரண்டாவது வரியில் மேலே ஏறியது.

"கடையில என்ன இது? வாய மூடு," என்றார் கோதண்டம்.

மரியபுஷ்பம் மெஷினை நிறுத்தினாள். இப்போது பாட்டு தெருவரைக்கும் கேட்டது. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நிறுத்துடி!" கோதண்டம் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தார்.

அவள் கையை விடுவித்துக்கொண்டு சரணத்தைத் தொடங்கினாள்.