ஒன்பது நாட்டுக் கத்திகள்

“இது இத்தாலிங்க” என்று சொல்லி, மாரப்பன் வளைந்த அலகுடைய மடக்குக் கத்தியொன்றைப் பாயின்மேல் வைத்தான். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பதால், மாப்பிள்ளை பார்க்க வந்திருந்த பெண்ணின் தந்தை, பாலக்கோட்டுக் காளியப்பன், குனிந்து அதை எடுத்துக்கொண்டார்.

“திராட்சைக் கொடி கழிக்கறதுங்க. பிடி ஆட்டுக் கொம்புங்க.”

காக்கித் துணிச் சுருளில் அத்தகைய கத்திகள் ஒன்பது இருந்தன. ஆமணக்கெண்ணெய் தடவித் துடைக்கப்பட்டிருந்த அவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாட்டில் உழைத்துத் தேய்ந்தவை. யுத்தம் முடிந்த மறு ஆண்டில், மாரப்பன் கம்பைநல்லூருக்குத் திரும்பியபோது கொண்டுவந்த செல்வம் அவ்வளவே.

“எம் மவன் மிதிக்காத சீமை இல்லீங்க” என்றாள் அவன் தாய் சாலம்மாள், சமையற்கட்டின் வாயிலில் நின்றவாறு. உள்ளே விருந்துச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. சம்பந்தம் முடிவாகும்வரை பெண்வீட்டார் கை நனைக்கமாட்டார்கள். முன்னர் வந்த இரு வீட்டாரும், நிலம் போதாதென்று, நனைக்காமலேயே போயிருந்தனர்.

மாரப்பன் தலை நிமிரவில்லை. அதை மாப்பிள்ளையின் நாணமென்று கருதிய காளியப்பனின் மைத்துனன் மாது, அவனைச் சீண்டத் தொடங்கினான்.

“ஏனுங்க மாப்பிள்ளை, ஒம்போது நாடு சுத்துனீங்களே, பாலக்கோட்டுக்கு வழி தெரியுமா? இல்ல, அதுக்கும் கப்பல்தான் ஏறோணுமா?”

சாலம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். மாரப்பனால் இயலவில்லை.

“செரி, கப்பல்ல எத்தனை நாளுங்க?”

அவன் விடை தேடுவதற்குள், “பதினெட்டு நாளுங்க! கடுதாசி போட்டிருந்தானே!” என்று தாய் முந்திக்கொண்டாள். அவனுடைய காது மடல்கள் கொதித்தன.

காளியப்பன் இவற்றுள் எதையும் செவியில் வாங்கியவராகத் தோன்றவில்லை. குதிரைக் குளம்பில் சிக்கிய கல்லை எடுக்கும் கொக்கியோடு கூடிய இங்கிலாந்துக் கத்தியை மடக்கிப் பாயில் வைத்தார்.

“இத வெச்சிருந்தவன் என்ன ஆனான், தம்பி?”

“பொழச்சு ஊருக்குப் போயிட்டானுங்க.”

“அந்த இத்தாலிக்காரன்?”

“அவன் பொழைக்கலீங்க. ‘நீயே வெச்சுக்கோ’ன்னு கையைக் காட்டுனான். அதோட முடிஞ்சுதுங்க.”

எந்த ஊரில் என்று மாது கேட்டான். அந்த மனிதனின் சாவையும் ஒரு பொய்க்குள் வைத்துச் சொல்ல மாரப்பனுக்கு நா எழவில்லை.

“பெங்களூருலீங்க” என்றான். “நான் எந்த நாட்டுக்கும் போகலீங்க. கப்பலைக் கண்ணாலயும் பாத்ததில்லீங்க. ஒரு காது மந்தம்னு பட்டாளத்து ஆஸ்பத்திரியிலயே நிறுத்திட்டாங்க. நாலு வருசம் நோயாளிங்களுக்குப் பீச்சட்டி எடுத்தேன். கத்தியெல்லாம் அவங்க குடுத்ததுங்க.”

சாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஊர் முழுவதும் அவள் சொல்லித் திரிந்த நாடுகள் ஒன்பதும் பாயின்மேல் வெறும் இரும்பாய்க் கிடந்தன. “ஆத்தா” என்றான் மாரப்பன். தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை.

மாது துண்டை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்தான்.

“பீச்சட்டி எடுத்த கையிலயா நம்ம புள்ளையப் புடிச்சுக் குடுக்கறது? எந்திரிங்க மாமா! இந்த வூட்டுல பச்சைத் தண்ணிகூட வேண்டாம்!”

மாரப்பன் கத்திகளைச் சுருளில் செருகத் தொடங்கினான். காளியப்பன் எழவில்லை.

“உக்காரு, மாது. தெரிஞ்சுதான் வந்தேன். நம்ம மூத்த மவன் அந்தப் பெங்களூரு ஆஸ்பத்திரியில சாவற மட்டும் அவனுக்கு எடுத்தவரும் இவருதான்.”