எதிர் வீட்டு ஆப்பிள் கன்று

டானா ஜன்னல் திரையை விலக்கியபோது, எதிர் வீட்டு மார்லிஸ் அந்த ஆப்பிள் கன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில்தான் அவள் புருஷன் ஆர்வில் அதை நட்டிருந்தார். எண்பதை நெருங்குகிற மனிதர். வாசல் புல்வெளியில் முட்டி போட்டு, மூச்சு வாங்க வாங்கக் குழி தோண்டினார். தபால் எடுக்கப் போன டானா நின்று பேசிவிட்டு வந்தாள். அவள் அயோவாவில் இந்தத் தெருவுக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"என்ன மரம் வைக்கறீங்க?"

"ஆப்பிள்மா. மேப்பிள் வாங்கத்தான் போனேன். நல்லா நிழல் கொடுக்கும். மார்லிஸுக்குப் பூப் பூத்தாத்தான் பிடிக்கும். அதான் இது."

கன்றைச் சுற்றி மரப்பட்டைத் தூளைக் கையாலேயே பரப்பினார். தண்டில் ஒட்டாமல் விரலால் ஒதுக்கி விட்டார்.

"ஒட்டிக் குவிச்சா அடி அழுகிடும். வேருக்குத்தான் போர்வை, கழுத்துக்கு இல்ல."

மார்லிஸ் பக்கத்தில் தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

இப்போது அதே கையால் பிடுங்குகிறாள்.

போன வாரமும் ஆர்வில் அதே இடத்தில் தோண்டுவதை டானா காரில் போகும்போது பார்த்திருந்தாள். முன்னால் வைத்தது பட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பட்டுப்போகவில்லை. பிடுங்கப்பட்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லாருக்கும் காபி ஊற்றிக் கொடுத்து, முகம் நிறையச் சிரிக்கிற பெண்ணா இது?

டானா செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைத் தாண்டினாள்.

"மார்லிஸ், என்ன செய்யறீங்க?"

மார்லிஸ் திடுக்கிட்டு, வீட்டுப் பக்கம் பார்த்தாள். "மெதுவா பேசும்மா. தூங்கறார்."

"அவர் தூங்கற நேரம் பார்த்துத்தானே பிடுங்கறீங்க. போன வாரமும் நீங்கதானா?"

"நான்தான்."

மறுக்கக்கூட இல்லை. தூளைக் கைநிறைய அள்ளி மூட்டையில் போட்டாள். மண்ணைக் குழியில் தள்ளி, காலால் மிதித்துச் சமமாக்கினாள்.

டானாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் அம்மாவும் இப்படித்தான். அப்பா ஆசையாக எதைச் செய்தாலும் அவர் முதுகுக்குப் பின்னால் தூக்கி எறிவாள். அப்பா கடைசியில் எதையுமே செய்யாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"புல்லு கெட்டுப்போகுதா உங்களுக்கு? வயசான மனுஷன் இடுப்பொடிய நடறார். உங்களுக்கு மனசே இல்லையா? உங்க பையன் நம்பரைக் கொடுங்க. நான் பேசறேன்."

"அவனுக்குத் தெரியும்மா. வர்றப்பல்லாம் தூள் மூட்டை வாங்கிட்டு வந்து போடறதே அவன்தான்."

டானாவுக்குப் புரியவில்லை. மார்லிஸின் கையிலிருந்த கன்றை வெடுக்கென்று வாங்கினாள்.

தெருவில் எல்லா மரமும் துளிர்த்திருந்த நேரம். இதில் ஒரு மொட்டுக்கூட இல்லை. நகத்தால் கீறிப் பார்த்தாள். உள்ளே பச்சையே இல்லை. ஒரு கிளை கையோடு ஒடிந்து வந்தது.

"இது செத்துப்போச்சே."

"ரொம்ப நாளாச்சு. தினம் தினம் பிடுங்கினா எதுதான் தாங்கும்?"

"தினமுமா?"

மார்லிஸ் கன்றை வாங்கி ஈரச் சாக்கில் பொதிந்தாள், உயிருள்ளதைப் பொதிகிற மாதிரி.

"தூங்கி எந்திரிச்சதும் என்னைப் பார்த்து 'நீ யாரு'ன்னு கேப்பார். ஆஸ்பத்திரி நர்ஸுன்னு நினைச்சுக்குவார். சில நாள் 'என் வீட்டுல உனக்கென்ன வேலை, வெளிய போ'ம்பார். அம்பது வருஷத்துக்கு மேல ஒண்ணா இருந்தோம். போட்டோ, பாட்டு, பழைய சட்டைன்னு எல்லாம் காட்டிப் பார்த்துட்டேன்."

சாக்கைத் தூள் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு ஈர மண் ஒட்டியிருந்த கையை உடுப்பில் துடைத்துக்கொண்டாள்.

"குழியில கன்னை வச்சு மண்ணு தள்ளறப்ப மட்டுந்தான், 'மார்லிஸ், நேரா நிக்குதா பாரு'ன்னு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறார்."