முப்பது மீட்டர் சங்கிலி

“காலை எடுங்க சார்! சுவிட்ச்சுலேர்ந்து காலை எடுங்க!”

மெக்கானிக் அலறிக்கொண்டே பாய்மரப் படகின் முன்பக்கத்துக்கு ஓடினார். கேப்டனின் கால் அசையவில்லை. நங்கூரம் தூக்கும் புத்தம் புது மின்சார வின்ச் ‘கர்ர்ர்’ என்று சுழன்று, சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கடலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. இருபது மீட்டர்... இருபத்தைந்து... முப்பது. சங்கிலியின் வால் அதன் பெட்டிக்குள்ளிருந்து துள்ளி எழுந்து, வின்ச்சின் பல்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீருக்குள் போயே போய்விட்டது.

வின்ச் மட்டும் எந்தக் குறையுமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“மோட்டார் சத்தத்துல காது கேக்கலப்பா” என்றார் கேப்டன், நிதானமாகக் காலை எடுத்தபடி.

பின்னால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் மனைவி பதறி எட்டிப் பார்த்தாள். “என்னங்க ஆச்சு?”

“நங்கூரம் போச்சு. சங்கிலியோட.”

கேப்டன் என்பது பட்டப்பெயர்தான். மனிதர் முப்பத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கோப்பு பார்த்தவர். ஓய்வு பெற்ற வாரமே இந்தப் படகை வாங்கி, ‘ரெண்டு பேரும் உலகத்தைச் சுத்தப் போறோம்’ என்று ஊர் முழுக்க அறிவித்துவிட்டார். அது ஆகிவிட்டது நாலு வருஷம். முதல் வருஷம், சோலார் தகடு இல்லாமல் கிளம்ப முடியாது என்றார். மறு வருஷம், குளிர்பெட்டி இல்லாமல் முடியாது என்றாள் மனைவி. அதற்கடுத்து, சங்கிலியைக் கையால் இழுத்து அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது; மின்சார வின்ச் வந்தால்தான் பயணம் என்றாகிவிட்டது. இதுவரை படகு போன அதிகபட்ச தூரம், கலங்கரை விளக்கம். அதுவும் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியாயிற்று. படகு கிளப்பில் தொங்கும் ‘சென்று வருக’ பேனரில், தேதியின் மேல் மட்டும் மூன்று தாள்கள் ஒட்டியிருந்தன.

வின்ச் நேற்றுப் பொருத்தியாகிவிட்டது. நாளைக் காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. இன்று சும்மா ஒரு சோதனை ஓட்டம்.

“ஏன் தம்பி, சங்கிலியோட கடைசிக் கண்ணியைப் பெட்டிக்குள்ள இருக்கற வளையத்துல கயிறு போட்டுக் கட்டி வெக்கணுமா, வேண்டாமா?” மனைவி மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கே தெரியுது. நீ எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கற?”

“இருபது வருஷமாக்கா.”

“இருபது வருஷமா இப்படித்தான் ஊரான் சங்கிலியக் கடல்ல கொட்டிக்கிட்டிருக்கியா?”

“நல்லாக் கேளு!” கேப்டனும் சேர்ந்துகொண்டார். “நாளைக்கு மொத்த கிளப்பும் கை காட்ட வருது. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போய் நிப்பேன்?”

“தப்புதான் சார்.” மெக்கானிக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டார். பிறகு முகம் மலர்ந்தது.

“ஒண்ணும் குடி முழுகிப் போகல சார். இங்க ஆழம் எட்டு மீட்டர்தான். முங்கி எடுக்கற ஆள் ஒருத்தர் எனக்குப் பழக்கம். ஒரு போன் போட்டா, ஒரு மணி நேரத்துல நங்கூரம் மேல வந்துடும். நாளைக்கு நீங்க பாட்டுக்குக் கிளம்பலாம்.”

“வேண்டாம்!”

இரண்டு குரலும் ஒரே நொடியில் வந்தன. கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷத்தில் கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் ஒரே கருத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“அடியில ஒரே சேறு” என்றார் கேப்டன். “ஒரு உயிரோட விளையாடக் கூடாதுப்பா.”

“ஆமா. பாவம், அவருக்கும் குடும்பம் குட்டி இருக்கும்.”

“எட்டு மீட்டர்ல பள்ளிக்கூடப் பிள்ளைங்களே முங்குதுங்கக்கா...”

“நீ கட்டின லட்சணம் போதும், சும்மா இரு!”

“அப்ப கடையில புதுச் சங்கிலி வாங்கி...”

“இந்தப் பல்சக்கரத்துக்குப் பொருந்தற சைஸ் கடையில கிடைக்காது. ஆர்டர் போட்டா ஆறு வாரம்.” முன்பே விசாரித்து வைத்தவர் மாதிரி கேப்டனிடமிருந்து பதில் வந்தது.

“ஆறு வாரத்துல காத்து திசை மாறிடுமே!” மனைவி பெருமூச்சு விட்டாள்.

“மாறிடும். அப்புறம் அடுத்த வருஷம்தான்.” அவரும் விட்டார்.

அந்த இரண்டு பெருமூச்சுக்கும் பாயை விரித்திருந்தால் படகு தானாகவே கரை சேர்ந்திருக்கும். இஞ்சினைப் போட்டுத் திரும்பினார்கள்.

படகுத்துறையில் இறங்கியதும், “நான் போய் எல்லார்கிட்டயும் விஷயத்தச் சொல்லிட்டு வரேன்” என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிளப்பை நோக்கிப் போனார் கேப்டன். நடையில் இடுப்பு வலியைக் காணோம்.

அவர் தலை மறையும்வரை காத்திருந்தாள் மனைவி. பிறகு மெக்கானிக்கின் பக்கம் குனிந்தாள்.

“தம்பி, ரொம்பப் பேசிட்டேன். மனசுல வெச்சுக்காத. அவருக்குச் சந்தேகம் வரக் கூடாதில்ல? எனக்கு ஆழக் கடல்னாலே பயம். மனுஷன் நாலு வருஷமா ஆசை ஆசையா இருக்காரு, வர மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? நான் கேட்டுக்கிட்ட மாதிரியே முடிச்ச அவிழ்த்து விட்டியே, உனக்குப் புண்ணியமாப் போகும்.”

மெக்கானிக் கருவிப் பெட்டியை மூடினார்.

“அந்தப் புண்ணியம் எனக்கு இல்லக்கா. நேத்து சாயங்காலம் அவிழ்க்கலாம்னு நான் போனப்ப, சார் சங்கிலிப் பெட்டிக்குள்ள தலைகீழாத் தொங்கிக்கிட்டு அதே முடிச்ச அவிழ்த்துக்கிட்டிருந்தாரு. ‘அவ ஆசை ஆசையா இருக்காப்பா, அவகிட்ட மட்டும் சொல்லிடாத’ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டாரு.”