சோறு விழுவதற்குள்

"கோச்சை மாத்தணும். அவ்வளவுதான்" என்று ரக்ஷனா சொன்னபோது, அந்தக் கோச்சே எதிரில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

மார்சிலிங் மகளிர் சாஃப்ட்பால் அணியில் அப்படித்தான். பேஸ்பாலின் தங்கை மாதிரியான அந்த ஆட்டத்தில் சீசன் முடிந்ததும், எல்லாரும் சையது ஆல்வி சாலையில் உள்ள சைவ உணவகத்தில் கூடுவார்கள். மனசில் இருக்கும் குறையை முகத்துக்கு நேராகக் கொட்டிவிட வேண்டும். ஆனால் இலையில் சோறு விழுவதற்குள். விழுந்த பிறகு யாரும் எதையும் கிளறக் கூடாது. அணி இத்தனை வருஷம் உடையாமல் இருப்பதே இதனால்தான்.

இந்த வருஷம் குறைக்குப் பஞ்சமில்லை. முதல் நான்கு அணிகளுக்குத்தான் அரையிறுதி. இவர்கள் ஐந்தாவது. அதுவும் ஒரே ஒரு ரன்னில்.

கடைசி ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸ். இரண்டு பேர் ஓடி ரன் எடுக்கத் தயாராகப் பேஸில் நிற்கிறார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் அரையிறுதி. மட்டை பிடிக்க வேண்டியவள் அணியின் கேப்டன் சுஷ்மிதா. அவளைப் போல அடிப்பதற்கு அந்த லீக்கிலேயே ஆள் கிடையாது. கோச் ஹலீமா அவளை உட்கார வைத்துவிட்டு அனமை அனுப்பினார்.

அனம் மூன்று முறை மட்டையைச் சுழற்றினாள். மூன்று முறையும் காற்றைத்தான் அடித்தாள். மூன்று தப்பினால் அவுட்; ஆட்டமும் அதோடு முடிந்தது.

அந்த அனம் இப்போது மேசைக் கோடியில், ஏற்கெனவே துடைத்த இலையை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சீசன் முழுக்க ஒரு ஹிட் கூட அடிக்காதவளை எந்தத் தைரியத்தில் அனுப்பினீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். பெஞ்சில் ரக்ஷனா சும்மாதானே இருந்தாள், அவளையாவது அனுப்பியிருக்கலாமே என்றாள் இன்னொருத்தி. ரக்ஷனா உதட்டைப் பிதுக்கினாள்.

"ஆளைப் பார்த்து அனுப்பணும் லா. பாவம் பார்த்து அனுப்பக் கூடாது" என்றாள்.

அந்தச் சொல் நேராக அனம் மேல் வந்து விழுந்தது.

ஹலீமா மோர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "முடிவு என்னுது. வேற சொல்ல ஒண்ணுமில்ல."

"அப்ப அடுத்த சீசனுக்கு வேற கோச் பார்த்துக்கலாமா?" என்று கேட்டாள் ரக்ஷனா.

"பார்த்துக்கங்க."

எந்தப் பெரிய கோபமும் இல்லாமல், கூட்டு வேணுமா பொரியல் வேணுமா என்பது போல அவர் சொன்னதுதான் அனமைத் தாக்கியது. வீட்டில் அக்காவை லாத்தா என்று கூப்பிட்டுப் பழகிய அவளுக்கு, ஹலீமாவும் முதல் நாளிலிருந்தே லாத்தாதான். பந்தைக் கண்டால் கண்ணை மூடிக்கொண்டவளை, கண்ணைத் திறந்து பார்க்க வைத்தவர்.

பரிமாறுகிறவர் சோற்று வாளியோடு முதல் மேசையைத் தாண்டிவிட்டார்.

அனம் எழுந்தாள். நான்கு பேருக்கு மேல் கூடினாலே குரல் வராது அவளுக்கு. ரயிலில் வரும்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று.

"லாத்தாவை விட்டுடுங்க. தோத்தது என்னால. நான் விலகிக்கிறேன்."

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது அவ்வளவு வலிக்கும் என்று அனம் எதிர்பார்க்கவில்லை.

வாளி வந்துவிட்டது. கரண்டி சுஷ்மிதாவின் இலைக்கு மேல் நின்றபோது, அவள் இரண்டு கைகளையும் இலைமேல் விரித்து மறைத்தாள்.

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. சோறு போடாதீங்க."

"பசிக்குது சுஷ்மி" என்றது ஒரு குரல்.

"போட்டுட்டா பேச முடியாது. அப்புறம் எப்பவுமே பேச மாட்டேன்." சுஷ்மிதா யார் முகத்தையும் பார்க்கவில்லை. "கோச் என்னை உட்கார வைக்கல. நான்தான் போக மாட்டேன்னு சொன்னேன்."

ஹலீமா, "சுஷ்மி, விடு" என்றார்.

"விடல கோச். அவுட் ஆனா சுஷ்மிதாவாலதான் தோத்தோம்னு ஆயிடும்ல. அந்தப் பேரு வரக் கூடாதுன்னு பயந்தேன். இது யாருக்கும் தெரிய வேணாம்னு கெஞ்சினேன். இவங்க இன்னிக்கு வரைக்கும் வாயைத் திறக்கல. தன் வேலையே போற இந்த நேரத்துலகூட."

பரிமாறுகிறவர் வாளியை மெல்லக் கீழே வைத்தார்.

அனம் அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். அவள் ஐஸ் பெட்டிப் பக்கம் நின்றிருந்தாள். லாத்தா வேகமாக வந்து, "போறியா?" என்று மட்டும்தான் கேட்டார். அவள் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். யாருடைய இடத்துக்குப் போகிறோம், ஏன் போகிறோம் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

"கோச்சை மாத்தலாமான்னு கேட்டீங்க. கேப்டனை மாத்துங்க" என்றாள் சுஷ்மிதா. "நான் பயந்து உட்கார்ந்த இடத்துக்கு நடந்து போனவ அதோ நிக்கிறா. என் ஓட்டு அனமுக்கு."

அனம் பதறிப்போய் உட்கார்ந்தாள். மேசையில் ஒரு கை உயர்ந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. ஹலீமா தன் கையை உயர்த்தவில்லை. அதைக் கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரக்ஷனாவின் கை மட்டும் இன்னும் மடியிலேயே இருந்தது. எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு அனமின் பக்கத்தில் வந்து நின்றாள். அத்தனை நேரம் உணவகத்தையே அதிர வைத்த குரல், இப்போது பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டவில்லை.

"சுஷ்மிக்கு அடுத்து கோச் என்கிட்டதான் வந்து கேட்டாங்க. ஷூ லேஸ் கட்டணும்னு சொல்லிக் குனிஞ்சுட்டேன். அப்புறம்தான் உன்கிட்ட வந்தாங்க."

கையை உயர்த்தினாள்.

"லேஸ் அவிழவே இல்ல, கேப்டன்."