சுவரைப் பார்த்து

“டாக்டர், தயவுசெஞ்சு நீங்களும் சுவர்ப் பக்கம் திரும்பிடுங்க. சாப்பாட்டுத் தட்டு வந்தாச்சு.”

டாக்டருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனாலும் நர்ஸின் கண்டிப்பான குரலுக்குப் பயந்து திரும்பிக்கொண்டார். பக்கத்தில் நர்ஸ், அவளுக்குப் பக்கத்தில் தட்டு கொண்டுவந்த ஆயா. வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி மூன்று பேரும் வெள்ளைச் சுவரை முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

கட்டிலில் பெரியவரும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தார்.

“என்னம்மா கூத்து இது?” டாக்டர் கிசுகிசுத்தார்.

“அவங்க நாட்டு வழக்கம் டாக்டர். சாப்பிடும்போது யாரும் பார்க்கக் கூடாது போல. முதல் நாள் தட்டை வச்சுட்டு நிமிர்ந்து பார்க்கிறேன், சுவரைப் பார்த்து உக்காந்திருக்கார். வெளியே போயிடலாம்னா, புரையேறினா ஆபத்து, ஆள் கூடவே இருக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. அதான் இப்படி நிக்கிறோம்.”

“வழக்கம்னு யார் சொன்னா?”

“யார் சொல்லணும்? அவர் பாஷை நமக்குத் தெரியாது, நம்ம பாஷை அவருக்குத் தெரியாது. மரியாதை கெட்டவங்கன்னு நம்மளை நினைச்சிடக் கூடாதில்ல?”

துறைமுகத்தில் நின்ற அயல்நாட்டுக் கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுவரப்பட்டவர் அவர். கப்பலில் அத்தனை பேருக்கும் ஆக்கிப்போட்ட சமையல்காரர். இங்கே வந்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

நர்ஸ் மெல்லத் திரும்பினாள். தட்டு தொடப்படாமல் ஆறிக்கிடந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அதை எடுத்து ஆயாவிடம் கொடுத்தாள்.

“உடம்பு இதுக்கு மேல தாங்காதும்மா. சாயந்திரம் மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்,” என்றார் டாக்டர்.

அப்போதுதான் பெட்டியும் கையுமாகப் பெரியவரின் மகள் வந்து சேர்ந்தாள். முன்பு இந்த ஊரில் படித்தவளாம், பாஷை சரளமாக வந்தது.

“நல்லவேளை வந்தீங்க! சாப்பாட்டு நேரத்துல நாங்க ஏதாவது குறை வைக்கிறோமா? சுவரைப் பார்த்து நின்னா போதுமா, கையும் கட்டணுமா?” என்று படபடத்தாள் நர்ஸ்.

மகள் திருதிருவென்று விழித்தாள். “சுவரா? எங்க வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து, சத்தமா பேசிக்கிட்டேதானே சாப்பிடுவோம்!”

அப்பாவிடம் குனிந்து விசாரித்தாள். அவர் பலவீனமான குரலில் நீளமாக ஏதோ சொன்னார். அவள் முகம் இன்னும் குழம்பியது.

“சிஸ்டர், இது உங்க ஊர் வழக்கமாமே? நீங்க எல்லாரும் நின்னு முடிக்கிறதுக்குள்ள கை வச்சா மரியாதையில்லைன்னு அப்பா காத்துக்கிட்டே இருந்தாராம். முடிச்ச கையோட தட்டைத் தூக்கிட்டுப் போயிடுறீங்களாம்!”

“எங்க வழக்கமா? முதல்ல திரும்பினதே அவர்தானேம்மா!”

“இல்லையாம் சிஸ்டர். முதல் நாள் தட்டை வச்சதும் நீங்க சுவர்ப் பக்கம் திரும்பி, கண்ணை மூடி, ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்தி, தலையைத் தலையைக் குனிஞ்சீங்களாம். அவ்வளவு பக்தியை எங்கயும் பார்த்ததில்லைங்கிறார்.”

நர்ஸின் கை தானாக மூக்குக்குப் போனது. சாப்பாட்டில் பட்டுவிடக் கூடாதே என்று அன்றைக்கு அவள் சுவர்ப் பக்கம் திரும்பித் தும்மித் தீர்த்தது, இப்போதுதான் நினைவுக்கு வந்தது.